வீட்டுக்குள் வந்த சினிமா: அமெச்சூர் ஃபிலிம் கேமரா எப்படி வேலை செய்தது?

பழைய வீட்டுப் படம் ஒன்றை யாராவது காட்டும்போது அதோடு சேர்த்து மூன்று விஷயங்களைச் சொல்வது வழக்கம். ஒன்று, அது சூப்பர் 8 என்னும் வீட்டுப் பட ஃபிலிமில் எடுத்தது. இரண்டு, கேமரா கையடக்கமாக மாறியதால்தான் சாதாரணக் குடும்பங்கள் படம் எடுக்க ஆரம்பித்தன. மூன்று, அந்தக் காலக் கேமரா சரியில்லாததால்தான் எல்லாரும் விறுவிறுவென்று நடக்கிறார்கள்.

மூன்றுமே பிசகு. சூப்பர் 8 வந்தது 1965-இல். அதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. விறுவிறு நடைக்குக் காரணம் கேமரா அல்ல, பின்னாளில் தவறான வேகத்தில் ஓட்டிக் காட்டியது. கேமராவின் அளவும் பெரிய தடையாக இருந்ததில்லை. பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் செய்த 1895-ஆம் வருடத்துச் சினிமாக் கருவியே ஒருவர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மரப்பெட்டிதான். வீட்டுக்குள் சினிமாவைக் கொண்டுவந்தது பெட்டிக்குள் போன ஃபிலிம். அது குறுகலானது, சட்டென்று தீப்பிடிக்காததானது, நெகட்டிவ் தேவைப்படாததானது. இந்த மூன்று மாற்றமும் 1920-களின் தொடக்கத்தில் ஒன்றாகக் கூடிவந்தன. அதைப் புரிந்துகொள்ள, முதலில் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

## தையல் மெஷினும் சினிமா கேமராவும்

தையல் மெஷினில் துணி வழுவழுவென்று ஓடிக்கொண்டே இருப்பதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. ஊசி மேலே ஏறியிருக்கும் நேரத்தில் அடியிலிருக்கும் பற்கள் துணியை ஒரு தையல் தூரம் தள்ளுகின்றன. ஊசி துணிக்குள் இறங்கியதும் துணி அசையாமல் நிற்கிறது. நகர்வு, நிறுத்தம், நகர்வு, நிறுத்தம். லூயி லூமியேர் தன் கருவிக்கு யோசனை எடுத்ததே தையல் மெஷினிலிருந்துதான்.

சினிமா கேமராவில் துணியின் இடத்தில் ஃபிலிம். அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். ஒரு சிறிய உலோகக் கொக்கி துளைக்குள் நுழைந்து ஃபிலிமைச் சரியாக ஒரு படத்தின் உயரத்துக்குக் கீழே இழுக்கும், துளையை விட்டு வெளியே வரும், மேலே போகும், அடுத்த துளையைப் பிடிக்கும். இந்தக் கொக்கிக்கு நகம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது ஒரு முறை இழுத்து விட்டதும் லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கும் ஒற்றைப் படம்தான் ஃபிரேம். ஃபிரேம் நிற்கும் ஜன்னல் போன்ற இடம் கேட். பின்னாலிருந்து ஒரு தகடு ஃபிலிமைக் கேட்டோடு மெதுவாக அழுத்திப் பிடித்திருக்கும், இல்லையென்றால் ஃபோகஸ் போய்விடும்.

ஃபிலிம் நகரும் நேரத்தில் வெளிச்சம் பட்டால் படம் இழுபட்டுக் கலைந்துவிடும். அதனால் லென்ஸுக்கும் கேட்டுக்கும் நடுவே ஏறத்தாழ அரை வட்டத் தகடு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. ஃபிலிம் நகரும்போது அது மறைக்கும், நிற்கும்போது திறக்கும். இதுதான் ஷட்டர். நொடிக்கு 16 ஃபிரேம் ஓடும் கேமராவில் பாதி நேரம் மூடி, பாதி நேரம் திறந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் நொடியில் 32-இல் ஒரு பங்கு.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுருள் சீராகச் சுழல்கிறது, நகமோ வெட்டி வெட்டி இழுக்கிறது. இரண்டையும் விறைப்பாக இணைத்தால் துளைகள் கிழிந்துவிடும். அதனால் கேட்டுக்கு மேலேயும் கீழேயும் ஃபிலிமைக் கொஞ்சம் தளர்வாக, வளைவாக விட்டிருப்பார்கள். அந்த வளைவின் பெயர் லூப். நகம் இழுக்கும்போது மேல் லூப் சற்றுக் குறையும், உடனே மறுபடி நிறையும். கேமராவில் ஃபிலிம் மாட்டுகிற புதியவர் செய்யும் முதல் தவறு, லூப் விடாமல் ஃபிலிமை இறுக்கமாக மாட்டிவிடுவது. விளைவு, படம் முழுக்க நடுக்கம், அல்லது துளைகள் வரிசையாகக் கிழிந்த ஒரு சுருள்.

சுருக்கமாக: கேமராவுக்குள் ஃபிலிம் ஓடுவதில்லை, நின்று நின்று நகர்கிறது. நகம் இழுக்கிறது, கேட் நிறுத்துகிறது, ஷட்டர் மறைத்துத் திறக்கிறது, லூப் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ப்ரொஜெக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. என்ன, அதில் வெளிச்சம் உள்ளேயிருந்து வெளியே போகிறது.

## 35 எம்.எம். ஏன் வீட்டுக்கு ஒத்துவரவில்லை

தியேட்டர் சினிமாவின் ஃபிலிம் 35 எம்.எம். (மில்லிமீட்டர்) அகலம். ஒரு அடி நீளத்தில் 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் என்றால் நொடிக்கு ஒரு அடி. நான்கு நிமிடம் பத்து நொடி எடுக்க 250 அடி நெகட்டிவ். அதைத் திரையில் போட வேண்டுமானால் அதிலிருந்து அச்செடுத்த பாசிட்டிவ் இன்னொரு 250 அடி. ஆக, குழந்தை தவழ்வதை நான்கு நிமிடம் பார்க்க 500 அடி ஃபிலிமும் இரண்டு தடவை லேப் வேலையும் (ஃபிலிமை ரசாயனத்தில் கழுவிப் படத்தை வெளிக்கொண்டுவருவது). வசதியான வீடுகளுக்கே கட்டுப்படியாகாத கணக்கு.

பணத்தைவிடப் பெரிய தடை நெருப்பு. அன்றைய 35 எம்.எம். ஃபிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட். எரியத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே இருப்பதால் பற்றிவிட்டால் தண்ணீரில் அமுக்கினாலும் எரியும். 1897-இல் பாரிஸில் ஒரு தர்ம விற்பனைக் கொட்டகையில் படம் காட்டும்போது தீப்பிடித்து 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தீயைத் தொடங்கியது ஃபிலிம் அல்ல, ப்ரொஜெக்டர் விளக்கின் ஈதர் ஆவி. ஆனாலும் சினிமா என்றால் தீ என்ற பயம் மக்கள் மனதில் ஊறிவிட்டது. சூடான விளக்குக்கு முன்னால் நைட்ரேட் சுருளை ஓட்டுவது வரவேற்பறையில் செய்யக்கூடிய காரியமும் அல்ல.

இதற்கு மாற்று செல்லுலோஸ் அசிடேட். இது தீயில் பட்டால் காகிதம்போல மெதுவாகக் கருகும், வெடித்துப் பற்றாது. அதனால் இதைப் பாதுகாப்பு ஃபிலிம் என்றார்கள். பிரான்ஸின் பாத்தே நிறுவனம் 1912-இலேயே 28 எம்.எம். பாதுகாப்பு ஃபிலிமில் வீட்டு ப்ரொஜெக்டர் கொண்டுவந்தது. அதே வருடம் எடிசன் நிறுவனம் 22 எம்.எம். வீட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் முக்கியமாக, தயாரான படங்களை வாங்கி வீட்டில் பார்ப்பதற்கானவை. நீங்களே எடுங்கள் என்று சொல்வதற்கு இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது.

## அச்சு இல்லாத கொழுக்கட்டை

அமெச்சூர் சினிமாவின் மையம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

நெகட்டிவ் என்பது அச்சு மாதிரி. கொழுக்கட்டை அச்சில் மேடு இருக்கும் இடத்தில் மாவில் பள்ளம் விழும். அதுபோல நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுப்பு முடி வெள்ளையாகவும் இருக்கும். அதை வைத்துத் திருப்பி அச்செடுத்தால்தான் சரியான படம், அதாவது பாசிட்டிவ். அச்சு ஒன்று இருந்தால் எத்தனை கொழுக்கட்டை வேண்டுமானாலும் பிடிக்கலாம். தியேட்டர்களுக்குப் பல பிரதிகள் அனுப்ப வேண்டிய நிறுவனத்துக்கு அது தேவை. ஒரே வீட்டில் ஒரே சுருளைப் போட்டுப் பார்க்கப்போகிறவருக்கு அச்சு எதற்கு?

கேமராவுக்குள் போன அதே ஃபிலிமையே பாசிட்டிவாக மாற்றிவிடும் லேப் முறைக்கு ரிவர்சல் என்று பெயர். கோடாக் நிறுவனத்தில் ஜான் கேப்ஸ்டாஃப் இதை அமெச்சூர் ஃபிலிமுக்கு ஏற்றபடி செய்துகொடுத்தார்.

ஃபிலிமின் மேல் பூச்சில் கோடிக்கணக்கான நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்கள் உண்டு. கேமராவில் சில துகள்கள்மீது வெளிச்சம் படும், சிலவற்றின்மீது படாது. முதல் டெவலப்பர் திரவத்தில் போட்டால் வெளிச்சம் பட்டவை மட்டும் கறுப்பு வெள்ளியாக மாறும். இந்தக் கட்டத்தில் அது சாதாரண நெகட்டிவ்தான். அடுத்து ப்ளீச் என்னும் திரவம் அந்தக் கறுப்பு முழுவதையும் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது, கேமராவில் வெளிச்சம் படாமல் தப்பித்த துகள்கள். இப்போது ஃபிலிம் முழுவதையும் வேண்டுமென்றே வெளிச்சத்தில் காட்டி, இரண்டாவது டெவலப்பரில் போட்டால், அந்த மிச்சத் துகள்கள் கறுப்பாகும். எங்கே நிழல் விழுந்ததோ அங்கே மிச்சம் அதிகம், அதனால் அங்கே கறுப்பு. எங்கே வெயில் விழுந்ததோ அங்கே மிச்சமில்லை, அதனால் அங்கே ஃபிலிம் கண்ணாடிபோலத் தெளிவு. அதுதான் பாசிட்டிவ்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் இருந்தது. பெரிய துகள்கள்தான் வெளிச்சத்தை முதலில் பிடிக்கும். அவைதான் முதல் சுற்றில் கரைந்து போகின்றன. மிஞ்சுவது பொடித் துகள்கள் என்பதால், கிடைக்கும் படம் நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சைவிட நைசாக இருக்கும். தபால்தலையைவிடச் சிறிய ஃபிரேமைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்ட இந்த நைசு இல்லாமல் முடியாது.

விலையும் உண்டு. கேமராவில் ஓடிய சுருளே கடைசிப் பிரதி. ப்ரொஜெக்டரில் ஒரு கீறல் விழுந்தால் அது மூலத்தில் விழுந்த கீறல். வெளிச்சக் கணக்கு தவறினால் அச்செடுக்கும்போது சரிசெய்துகொள்ளலாம் என்ற இரண்டாம் வாய்ப்பு கிடையாது. வெட்டி ஒட்டினால் வெட்டியது அசலை. வீட்டில் கிடைக்கும் பழைய சுருளை ஏன் அவ்வளவு பக்குவமாகத் தொட வேண்டும் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

## 1923

கோடாக் அந்த வருடம் 16 எம்.எம். ஃபிலிமையும் சினே-கோடாக் கேமராவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏன் 16? 35-ஐ நேர்பாதியாக வெட்டினால் 17.5 வரும். அந்த அகலத்தில் கேமரா செய்திருந்தால், மலிவான நைட்ரேட் ஃபிலிமை யாராவது இரண்டாகக் கிழித்து விற்றிருப்பார்கள், அது வீட்டுக்குள் வந்திருக்கும். 16 என்ற அளவு அந்தக் கதவை அடைத்தது. 16 எம்.எம். என்றாலே பாதுகாப்பு ஃபிலிம் என்று ஆனது.

அந்த முதல் கேமராவை முக்காலியில் வைத்து, நொடிக்கு இரண்டு சுற்று வீதம் கையால் சுற்ற வேண்டும். கேமரா, ப்ரொஜெக்டர், முக்காலி, திரை, ஒட்டும் கருவி எல்லாம் சேர்ந்த தொகுப்பு 335 டாலர். பணக்காரர் பொழுதுபோக்குதான், சந்தேகமில்லை. ஆனால் அதே 1923-இல் பெல் அண்ட் ஹவல் நிறுவனத்தின் ஃபில்மோ வந்தது. அதில் சுற்ற வேண்டாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டு, பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும். முக்காலியிலிருந்து கேமரா இறங்கி கைக்கு வந்தது அந்த ஸ்பிரிங்கால்தான். 1925-இல் கோடாக்கும் ஸ்பிரிங் மாடலுக்கு வந்துவிட்டது.

ஐரோப்பாவில் வேறு பாதை. பாத்தே 1922 இறுதியில் பாத்தே-பேபி என்ற சிறு ப்ரொஜெக்டரையும், அடுத்த வருடம் அதற்கான கேமராவையும் கொண்டுவந்தது. ஃபிலிம் 9.5 எம்.எம்., துளை ஓரத்தில் இல்லை, நடுவில், இரண்டு ஃபிரேமுக்கு இடையே. ஓரத்தில் துளைக்கு இடம் ஒதுக்க வேண்டாம் என்பதால் அகலம் ஏறக்குறைய முழுவதும் படத்துக்கே போனது. 9.5-இல் கிடைத்த ஃபிரேம் 16 எம்.எம். ஃபிரேமுக்குக் கொஞ்சம்தான் சிறியது. எல்லா அளவுகளிலும் அழகாக யோசித்துச் செய்தது இதுதான் என்று சொல்லத் தோன்றும். பலவீனமும் அதே இடத்தில்தான். நகம் துளையைத் தவறவிட்டால் ஓரம் கிழிவதில்லை, படத்தின் நட்டநடுவே கிழிசல்.

## 8 எம்.எம்.: ஒரே நாடாவில் இரண்டு பயணம்

பொருளாதார மந்தத்தின் நடுவே 1932-இல் கோடாக் 8 எம்.எம். கேமராவை 29.50 டாலருக்குக் கொண்டுவந்தது. ஒரு சுருள், லேப் கட்டணத்தையும் சேர்த்து, 2.25 டாலர். இவ்வளவு விலை குறைந்தது எப்படி என்பதில்தான் சாமர்த்தியம்.

கேமராவுக்குள் போனது 8 எம்.எம். ஃபிலிமே அல்ல. 16 எம்.எம். அகலமுள்ள 25 அடி நாடா, ஆனால் ஓரத் துளைகள் இரண்டு மடங்கு நெருக்கமாக. லென்ஸ் அந்த அகலத்தில் ஒரு பாதியில் மட்டுமே படம் பதிக்கும். 25 அடியும் ஓடி முடிந்ததும் கேமராவைத் திறந்து, நிரம்பிய சுருளை எடுத்துத் திருப்பி, மறுபடி ஆரம்ப இடத்தில் மாட்ட வேண்டும். இப்போது லென்ஸுக்கு முன்னால் வருவது மறு பாதி. நோட்டுப் புத்தகத்தில் முன்பக்கம் எழுதி முடித்துப் பின்பக்கம் எழுதுவது மாதிரி. லேப் கழுவிய பிறகு நாடாவை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, முனையோடு முனை ஒட்டி, 50 அடி ஒற்றைச் சுருளாகத் திருப்பி அனுப்பும்.

அடிக்கு 80 ஃபிரேம். 50 அடிக்கு 4,000 ஃபிரேம். நொடிக்கு 16 என்றால் நான்கு நிமிடம் பத்து நொடி. 16 எம்.எம்.-இல் இதே நேரத்துக்கு 100 அடி வேண்டும். 35 எம்.எம்.-இல் நெகட்டிவும் பாசிட்டிவுமாக 500 அடி என்று பார்த்தோம். நீளத்தை அகலத்தால் பெருக்கி ஃபிலிமின் பரப்பை ஒப்பிட்டால், 16 எம்.எம். பதினொன்றில் ஒரு பங்கு, 8 எம்.எம். நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. வீட்டு சினிமா பரவியதன் காரணம் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

மாட்டுகிற விதம் இப்படி:

1. வெயிலில் நிற்காமல், நிழலில் அல்லது உடம்பின் நிழலிலாவது கேமராவைத் திறக்க வேண்டும். சுருளின் வெளிச் சுற்றுகள்தான் உள்ளே இருப்பவற்றுக்குப் போர்வை. சுருளை இறுக்கமாகப் பிடிக்காமல் தளரவிட்டால் வெளிச்சம் ஓரங்கள் வழியே உள்ளே இறங்கும்.
2. முழுச் சுருளை மேல் அச்சில் மாட்டி ஒரு அடி இழுத்து, பூச்சுள்ள பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி கேட்டுக்குள் செருகி, மேலும் கீழும் லூப் விட வேண்டும்.
3. முனையைக் காலி ஸ்பூலின் பிளவில் செருகி இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மூடுவதற்கு முன் பொத்தானை ஒரு நொடி அழுத்தி, நகம் பிடிக்கிறதா, லூப் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.
4. மூடிய பிறகு, அடிக்கணக்கு காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஓடவிட வேண்டும். வெளிச்சம் பட்டுக் கெட்ட முனை அதில் கழிந்துவிடும்.

பாதியில் திருப்பி மாட்டும்போது நடக்கும் விபத்துகள்தான் அதிகம். வெயிலில் திறந்தால், 50 அடிச் சுருளின் நடுவே, அதாவது ஒட்டு விழுந்த இடத்தில், சில நொடிகள் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புகைந்துபோகும். பழைய வீட்டுப் படங்களில் திடீரென்று வரும் அந்த வெளிச்ச வெள்ளம் இதுதான். இரண்டு பாதியும் முடிந்த சுருளைக் குறித்து வைக்காமல் மறந்துபோய் மூன்றாவது முறை மாட்டினால், பிறந்தநாள் கேக்கின்மேல் கடற்கரை அலை அடிக்கும்.

கேட்டில் ஒட்டும் தூசி இன்னொரு தொல்லை. 8 எம்.எம். ஃபிரேமின் அகலம் 5 மி.மீ.கூட இல்லை. அதை ஒரு மீட்டர் அகலத் திரையில் போட்டால் இருநூறு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. 0.1 மி.மீ. தடிமனுள்ள ஒரு முடி கேட்டில் ஒட்டியிருந்தால், திரையில் அது இரண்டு செ.மீ. தடிமனில் கயிறுபோல ஆடும். அதனால்தான் ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் மென்மையான தூரிகையால் கேட்டைத் துடைக்கச் சொன்னார்கள்.

இதுவரை: பாதுகாப்பு ஃபிலிம் பயத்தைப் போக்கியது, ரிவர்சல் பாதி ஃபிலிமையும் அச்செடுக்கும் வேலையையும் மிச்சப்படுத்தியது, குறுகிய அகலம் மீதிச் செலவைச் சுருக்கியது, ஸ்பிரிங் கைகளை விடுவித்தது.

## வண்ணம்

1935-இல் 16 எம்.எம்.-க்கும் அடுத்த வருடம் 8 எம்.எம்.-க்கும் கோடாக்ரோம் வந்தது. கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி இருவருமே இசைக்கலைஞர்கள். ஃபிலிமில் மூன்று அடுக்குகள், ஆனால் சாயம் எதுவும் ஃபிலிமில் கிடையாது, லேபில்தான் ஒவ்வொரு அடுக்காக ஏற்றப்படும். அதனால் அதை வீட்டில் கழுவவே முடியாது. ஆனால் அந்த முறையால் கிடைத்த சாயம் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகள் மங்காமல் நிற்கிறது. 1940-களில் எடுத்த கோடாக்ரோம் சுருளில் சிவப்பு இன்றும் சிவப்பாகவே இருக்கிறது. உலகில் கடைசியாக அதைக் கழுவிவந்த அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லேப் 2010 இறுதியில் அந்த வேலையை நிறுத்தியது.

## ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள்?

மௌனப் படக் காலத்து அமெச்சூர் வேகம் நொடிக்கு 16 ஃபிரேம். பேசும் படத்தின் வேகம் 24. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். அவ்வளவுதான். எடுத்த வேகத்திலேயே ஓட்டினால் அவர்களும் நம்மைப்போலத்தான் நடந்தார்கள் என்பது தெரியும்.

16-இல் ஓட்டினால் திரை மினுமினுக்காதா என்று கேட்கலாம். மினுமினுக்கும். அதனால் ப்ரொஜெக்டரின் ஷட்டரில் மூன்று இதழ் வைத்தார்கள். ஒரே ஃபிரேமை மூன்று முறை மறைத்துக் காட்டினால் நொடிக்கு 48 வெளிச்சத் துடிப்பு. அது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிம்பம் கண்ணில் சற்று நேரம் தங்குவதால்தான் சினிமா ஓடுகிறது என்று பாடப்புத்தக பாணியில் சொல்வார்கள். அது மினுக்கல் மறைவதைத்தான் ஓரளவு விளக்கும். தனித்தனிப் படங்களை அசைவாக இணைப்பது மூளை செய்யும் வேலை.

ஸ்பிரிங் கேமராவின் வேகமும் கல்லில் எழுதியதல்ல. முழுச் சாவியில் ஒரு வேகம், சாவி தீரும்போது சில கேமராக்களில் சற்றுக் குறையும். இது எவ்வளவு முக்கியமாக ஆகலாம் என்பதற்கு 1963 நவம்பர் 22 சாட்சி. டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஆப்ரஹாம் ஸப்ரூடர் என்ற ஆடை தயாரிப்பாளர் பெல் அண்ட் ஹவல் 8 எம்.எம். கேமராவில் எடுத்திருந்தார். மொத்தம் 486 ஃபிரேம். துப்பாக்கிச் சூடுகளுக்கு இடையே எத்தனை நொடி என்பதை அந்த ஃபிரேம்களை எண்ணித்தான் கணக்கிட வேண்டும். ஆனால் நொடிக்கு எத்தனை ஃபிரேம்? அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதே கேமராவைச் சோதித்துப் பார்த்துச் சராசரி 18.3 என்று கண்டது. 18.3 என்றால் படம் சுமார் 26.6 நொடி. வழக்கமான 16 என்று எடுத்துக்கொண்டிருந்தால் 30 நொடியைத் தாண்டியிருக்கும். ஒரு ஸ்பிரிங்கின் இழுவை நான்கு நொடி வித்தியாசத்தைத் தீர்மானித்தது.

## எடுத்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்

1926-இல் நியூயார்க்கில் அமெச்சூர் சினிமா லீக் என்ற அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர் ஹிராம் பெர்சி மாக்சிம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிக்காரர்களைச் சங்கமாகத் திரட்டியவரும் அவரே. லீக் நடத்திய மாதப் பத்திரிகை வாசகர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னவை இன்றைக்கு ஃபோனில் எடுப்பவருக்கும் பொருந்தும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் மெதுவாகத் திருப்புங்கள். அசைவது முன்னால் இருக்கும் பொருளாக இருக்கட்டும், கேமரா வேண்டாம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? நொடிக்கு 16 ஃபிரேம்தான் என்பதால், திரையின் ஒரு ஓரத்திலிருக்கும் மரம் மறு ஓரத்துக்குப் போக ஐந்து முதல் ஏழு நொடியாவது ஆக வேண்டும். இரண்டு நொடியில் திருப்பினால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரிதாகி மரம் தாவித் தாவிப் போகும். மூளையால் இணைக்க முடியாது. நான்கு நிமிடச் சுருளில் எட்டு அல்லது பத்து நொடித் துண்டுகளாக எடுத்தால் இருபத்தைந்து முதல் முப்பது காட்சி கிடைக்கும். அந்தக் கட்டுப்பாட்டினாலேயே பல வீட்டுப் படங்கள் கச்சிதமாக இருக்கின்றன.

வெட்டி ஒட்டுவதற்குச் சிறு கருவி உண்டு. ஒரு துண்டின் முனையில் பூச்சை அடித்தளம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, ஃபிலிம் சிமென்ட் என்னும் கரைப்பானை ஒரு சொட்டு தடவி, மறு துண்டை மேலே வைத்துச் சில நொடி அழுத்தினால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். பூச்சைச் சரியாகச் சுரண்டாவிட்டால் ஒட்டு ப்ரொஜெக்டரில் விட்டுப்போகும். அவசரப்பட்டவர்களுக்கு எப்போதும் நடப்பது அதுதான்.

யாரை எடுத்தார்கள் என்பது யாரிடம் கேமரா இருந்தது என்பதைப் பொறுத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் வீட்டுப் படங்கள் ஒரு பெரிய தொகுப்பாக இருக்கின்றன. அவர்களுடைய விருந்தையும் பயணத்தையும் தேடி எடுத்த படங்களின் ஓரத்தில் அந்தக் காலத்து இந்தியத் தெருவும் சந்தையும் வேலைக்காரர்களும் பதிவாகியிருக்கிறார்கள். இன்று ஆய்வாளர்கள் உற்றுப் பார்ப்பது அந்த ஓரங்களைத்தான்.

## சூப்பர் 8 என்ன மாற்றியது

1965-இல் கோடாக், 50 அடி ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்தது. செருகினால் போதும், லூப் இல்லை, திருப்பி மாட்டுவது இல்லை. துளையைச் சிறிதாக்கியதால் ஃபிரேமின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. அடிக்கு 72 ஃபிரேம், வேகம் நொடிக்கு 18, ஓடும் நேரம் மூன்று நிமிடம் இருபது நொடி. ஸ்பிரிங்குக்குப் பதில் பேட்டரி. ஃபிலிம் உட்புற விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்றதாக இருந்ததால், வெயிலில் எடுக்கக் கேமராவுக்குள்ளேயே ஒரு ஆரஞ்சு ஃபில்டர். அதே வருடம் ஜப்பானின் ஃபூஜி, சிங்கிள்-8 என்று தன் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. இரண்டின் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஆனால் கழுவிய ஃபிலிமை ஒரே ப்ரொஜெக்டரில் ஓட்டலாம். 1973-இல் ஒலியும் சேர்ந்தது.

## பரணில் ஒரு சுருள் கிடைத்தால்

முதலில் துளையைப் பாருங்கள். நடுவில், ஃபிரேம்களுக்கு இடையே என்றால் 9.5. ஓரத்தில் பெரிய துளை, இரண்டு ஃபிரேம் சேரும் கோட்டுக்கு நேராக என்றால் பழைய 8 எம்.எம். ஓரத்தில் சிறிய துளை, ஃபிரேமின் நடுவுக்கு நேராக என்றால் சூப்பர் 8. பழைய 8-உம் சூப்பர் 8-உம் அகலத்தில் ஒன்றுதான் என்பதால் ஸ்கேன் செய்பவரிடம் இதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதைந்து அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்திலுள்ள நல்ல சுருள்களையும் கெடுக்கும், உடனே தனியே பிரித்து, அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்தச் சிதைவும் பூஞ்சையும் வேகமாக வளரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைப்பது ஆவியை உள்ளேயே அடைத்து நிலைமையை மோசமாக்கும். வறண்ட, குளிர்ந்த அலமாரி போதும்.

ஆசையில் பழைய ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்த்துவிட வேண்டாம். வயதான ஃபிலிம் சுருங்கியிருக்கும். துளைகளின் இடைவெளி ஒரு சதவீதம் குறைந்திருந்தாலே நகம் துளைக்குப் பதிலாக ஃபிலிமைக் குத்தும். பார்க்க வேண்டும் என்றால் ஓரங்களை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே முதல் இரண்டடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கோடாக் ஃபிலிமாக இருந்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் தெரியும். அவை அந்த ஃபிலிம் தயாரான வருடத்தைச் சொல்கின்றன. இருபது வருடத்துக்கு ஒரு முறை அதே குறிகள் திரும்பி வருவதால், 1938-ஆ 1958-ஆ என்பதைக் குறி மட்டும் சொல்லாது. படத்தில் பின்னால் நிற்கும் காரையும் சேலை கட்டியிருக்கும் விதத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கிய ஃபிலிமை ஓரிரு வருடம் கழித்து எடுத்தவர்களும் உண்டு.